விலைச்சீட்டுக் கிழிக்காத கையுறை

கராஜைத் துப்புரவாக்கிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் என்றால் நானும் மகளும். என்னுடைய மனுசன் கராஜ் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு, எதை எறியப் போனாலும் "அது இருக்கட்டும்" என்று சொல்வதோடு சரி. ஸ்பிரிங்வேல் வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறை கொண்ட சின்ன யூனிற் வீடு ஒன்றுக்குப் போவதாக முடிவாகிவிட்டது. மேல் தட்டில், பழைய பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்ரிக் பை அகப்பட்டது. உள்ளே ஒரு பேஸ்போல் கையுறை. மண்ணிறத் தோல், இடது கையில் போடுவது. ஒரு கீறல் இல்லை, ஒரு அழுக்கு இல்லை. கடைக்காரன் நூலில் கட்டிய விலைச்சீட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. இது யாருடையது என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். நான் வாசலைப் பார்த்தேன். இவர் சட்டென்று எங்கோ பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இவர் என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லி வருகிறேன், பெயர் சொல்லிப் பழக்கமில்லை. எழுபதுகளின் நடுப்பகுதியில், கலியாணம் முடித்த கையோடு நான் மெல்பேர்ணுக்கு வந்து இறங்கினேன். இவர் அதற்கு முன்னமே கணக்கியல் படிக்க வந்து, படிப்பை முடித்து, பெயின்ற் வாளி செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கணக்காளராக இருந்தார். எங்களுக்கு இருந்ததோ தற்காலிக அனுமதி. நிரந்தரமாக இருக்கவேண்டுமானால், "இந்த ஆள் எனக்குத் தேவை" என்று வேலை கொடுப்பவர் ஒரு கடிதம் தரவேண்டும். அந்தக் கடிதத்தை முதலாளியிடம் இவர் கேட்டும் விட்டார். "பார்ப்போம்" என்பதுதான் பதில். அந்தப் "பார்ப்போம்" எங்கள் வீட்டில் மூன்றாவது ஆள்போலக் குடியிருந்தது. பாரமான சாமான் ஒன்றையும் வாங்க இவர் விடமாட்டார். கட்டில் வேண்டாம், மெத்தை போதும். அலுமாரி வேண்டாம், சூட்கேஸ் போதும். "திரும்பிப் போகேக்கை ஆரப்பா தூக்குறது?" என்பார். நான் அப்போது மகளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன். அவளையும் திரும்பிப் போகும்போது தூக்கவேண்டிய சாமானாகத்தான் எண்ணினாரோ என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

இவரைப்போலப் பயந்த மனுசனை நான் கண்டதில்லை. கதவு மணி அடித்தால் முதலில் ரேடியோவை நிறுத்துவார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் தெருவின் மறுபக்கம் போவார். நான் கறி தாளிக்கிற மணம் வெளியே போகக்கூடாதென்று குளிர் காலத்தில்கூட பின் யன்னலை மட்டும் திறந்து, முன் யன்னலை இறுக்கிச் சாத்துவார். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் போச்சு, யார் சொன்னாலும் ஓரங்குலம் அசையமாட்டார். அந்தக் குணம்தான் எங்களைப் பேஸ்போலுக்குள் இழுத்து விழுத்தியது.

முதலாளிக்கு இரண்டு பைத்தியம். ஒன்று தொழிற்சாலை, மற்றது அந்த வட்டாரத்துப் பேஸ்போல் கழகம். கழகத்துக்கு அவர்தான் தலைவர். அந்தக் காலத்தில் அங்கே பேஸ்போல் குளிர்காலத்து விளையாட்டு. கோடையில் கிரிக்கெற் ஆடுகிறவர்களே குளிருக்கு இதை ஆடினார்கள். பெரிய சம்பளம் ஒன்றும் இல்லை. முதலாளி வருடத்துக்கு ஒரு தொகை ஒதுக்குவார், அதற்குள் ஆட்டக்காரர்களுக்குக் கொடுப்பதைக் கொடுத்துச் சமாளிக்கவேண்டும். முந்தின வருடம் கழகம் மயிரிழையில் தப்பியிருந்தது. இன்னொருமுறை சறுக்கினால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். ஒருநாள் முதலாளி இவரைக் கூப்பிட்டு, நீ சிலோன்காரன், உனக்குக் கிரிக்கெற் தெரியும், கணக்கும் தெரியும், இந்த வருடம் பொருளாளர் நீதான் என்றிருக்கிறார். கடிதம் அவருடைய கையில் இருக்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? இவர் பின்னேரம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குந்தியிருந்தார்.

அந்த நாட்களில் இங்கத்தைய பள்ளிக்கூடங்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஆசிரியர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர் நெடுத்த மனிதர், பொல்லாத பிச்சர். பிச்சர் என்றால் பந்து எறிகிறவர், நம்முடைய கிரிக்கெற்றில் பந்து வீசுகிறவர் மாதிரி. அந்த அமெரிக்க ரீச்சரைப் பிடிக்கக் கழகங்கள் எல்லாம் தங்களுக்குள் அடிபட்டன. முதலாளிக்கும் அவர்மேல்தான் கண். ஆனால் அவர் கேட்ட காசு எங்கள் கழகத்தின் முழுக் காசு. இவர் முந்தின வருடம் தோற்ற ஆட்டங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு விசாரித்துவிட்டு, குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த எனக்கு வந்து பிரசங்கம் வைத்தார்.

"இஞ்சாரும், பிச்சர் சரியில்லாமல் இவங்கள் தோக்கேல்லை. சனிக்கிழமை ஓவர்ரைம் எண்டவுடனை பாதிப் பேர் வேலைக்குப் போறாங்கள். நிக்கிற இடத்திலை ஆள் இல்லை. கண்டவனையும் கொண்டுபோய் நிப்பாட்டினால் பந்து பிடிபடுமே?"

"அதுக்கு நீங்கள் என்ன செய்யப்போறியள்?"

"ஒன்பது பேர் ஆடுற விளையாட்டு. ஒருத்தனுக்கே எல்லாத்தையும் குடுத்துப்போட்டு மிச்ச எட்டுப் பேரும் காத்தைக் குடிச்சே ஓடுறது? அந்த அமெரிக்கனுக்கும் ஒரு கைதானே. அது சுளுக்கினால் எங்கட முழுக் காசும் சுளுக்கினமாதிரி. அரை விலையிலை ரெண்டு பிச்சர் எடுப்பம். மிச்சக் காசிலை, ஓவர்ரைமை விட்டுட்டு வாறவனுக்கு அந்த நட்டத்தைக் கட்டுவம்."

"விசரே உங்களுக்கு? முதலாளி அமெரிக்கனைக் கேக்கிறார். அவர் கேக்கிறதை வாங்கிக் குடுத்திட்டுப் பேசாமல் இருங்கோவன்" என்று கத்தினேன். இவர் கேட்கவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று அந்தத் திட்டத்தைச் சொல்லியிருக்கிறார். கடைசியில் காசு மிச்சம் வருகிறது என்பது மட்டும்தான் எல்லோருடைய காதிலும் விழுந்திருக்கிறது. முதலாளி, சரி, பிழைத்தால் உன் தலையில்தான் என்றாராம். அமெரிக்க ரீச்சர் பக்கத்துக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். எங்களுக்கு வந்தவர்கள் இருவர். ஒருவர் தபால் கந்தோரில் வேலை செய்த வயதுபோன இடதுகைக்காரர். முழங்கால் இரண்டும் பழுது, பந்து மெல்லத்தான் வரும், ஆனால் வளைந்து வரும். மற்றவன் செங்கல் அடுக்கும் டச்சுக்காரப் பெடியன். பந்து குண்டுபோலப் போகும், எங்கே போகும் என்பது அவனுக்கே தெரியாது.

முதல் பயிற்சியன்று நானும் மைதானத்துக்குப் போனேன். இடதுகைக்காரரின் மனைவி எனக்குப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தா. கதையோடு கதையாக நான் இவருடைய திட்டத்தைப் பெருமையாகச் சொன்னேன். உங்கள் கணவர் கொஞ்ச நேரம் எறிவார், பிறகு வெளியே வந்து இளைப்பாறுவார், அப்போது பெடியன் எறிவான், கடைசியில் உங்கள் கணவர் திரும்ப உள்ளே போவார் என்றேன். அந்த மனுசி என்னை ஒருமாதிரிப் பார்த்தா. பேஸ்போலில் வெளியே வந்தவர் வெளியேதான், அந்த ஆட்டத்தில் திரும்ப உள்ளே போக முடியாது என்றா. ஐயோ, இந்த மனுசன் கிரிக்கெற் கணக்கில் ஆள் வாங்கியிருக்கிறார்!

வீட்டுக்கு வந்து சொன்னபோது இவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. குசினிச் சுவரில் சாய்ந்தபடி, "கிரிக்கெற்றிலை மாத்தி மாத்திப் போடலாம் தானே... அதுமாதிரித்தானே எண்டு நினைச்சன்" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். காசு கொடுத்தாகிவிட்டது. அமெரிக்கன் போய்விட்டான். முதலாளிக்குத் தெரிந்தால் கடிதமும் இல்லை, வேலையும் இல்லை. அன்றைக்கு நான் அவரைத் திட்டக்கூட இல்லை. திட்டினால் உடைந்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

அடுத்த பயிற்சியில் இவர் கழகத்துக் கோச்சிடம் நைஸாகக் கதை கொடுத்துப் பார்த்திருக்கிறார். இளைப்பாறுகிறவர் வெளியே வராமல் மைதானத்துக்குள்ளேயே வேறு இடத்தில் நின்றால் திரும்ப எறியலாம் என்று கோச் சொன்னாராம். இவருக்குப் போன உயிர் பாதி வந்தது. பாதிதான். அந்த முழங்காலோடு கிழவரை எங்கே நிறுத்துவது? அவர் பக்கம் பந்து போனால்? அந்த வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு வயிற்றுக்குள் பிள்ளை புரண்டதா பயம் புரண்டதா என்று தெரியாது. சில ஆட்டம் வென்றோம், சிலது தோற்றோம். ஓவர்ரைம் காசு கட்டியதால் ஆட்கள் ஒழுங்காக வந்தார்கள், அதை மறுக்கமுடியாது. ஆனால் முதலாளி அதைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கழகத்தில் அமெரிக்கன் இன்றைக்கு இத்தனை பேரைச் சுருட்டினான் என்று கந்தோரில் இவர் காதுபடச் சொல்லுவார். கடிதத்தைப் பற்றி இவர் மெல்லக் கேட்டபோது, சீசன் முடியட்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு இவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது.

எல்லாம் கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது. வென்றால் அதே பிரிவு, தோற்றால் கீழே. எதிரே ஆடுவது வேறு யார், அமெரிக்க ரீச்சரின் கழகம்தான். மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது, மைதானம் சேறு. போய்ப் பார்த்தால் எங்கள் பக்கம் எட்டுப் பேர். வலது பக்கத் தூரத்தில் நிற்கிறவன் வரவில்லை. அவனுடைய தொழிற்சாலையில் அன்றைக்கு இரட்டைச் சம்பளமாம். கோதாரி விழுவான், இரண்டு கிழமைக்கு முன்தான் தன்னுடைய கையுறை கிழிந்துவிட்டதென்று இவரை அரித்துப் புதுசு ஒன்று வாங்க வைத்தவன். அதோடு கழகத்துக் காசு துடைத்து வழித்தாயிற்று, கையுறையோ அவன் வந்து எடுக்காமல் இவரிடமே கிடந்தது. எட்டுப் பேரோடு ஆட விடமாட்டார்கள், ஆடாமலே தோல்வி. கமிற்றி ஆட்களின் பெயரையும் ஒரு சம்பிரதாயத்துக்குப் பதிந்து வைத்திருந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் தொந்தி வைத்த கிழவர்கள். முதலாளி திரும்பி இவரைப் பார்த்தார்.

யாரோ ஒருவருடைய காற்சட்டையைப் போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மூக்குக்கண்ணாடியோடு என்னுடைய மனுசன் சேற்றுக்குள் இறங்கிப் போனதை இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கல்லூரிக் கிரிக்கெற்றில் இரண்டாவது அணியில் கடைசி ஆள் என்று அவரே சொல்லியிருக்கிறார். தூரத்தில் தனியாக நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், கையில் கையுறை இல்லை. சுவெற்றருக்குள் செருகியிருந்தார். அவருக்கும் என்னைப்போல வயிறு வைத்த மாதிரி இருந்தது. கோச் கத்தினார், கையுறையைப் போடு, போடு என்று. இவர் தலையை ஆட்டுவார், போடமாட்டார். கிரிக்கெற்காரன், வெறுங்கையால் பிடிப்பான் என்று பக்கத்தில் யாரோ சொல்லிச் சிரித்தார்கள். நான் மனத்துக்குள் நல்லூர் முருகனைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பந்தும் போகக்கூடாது, அவ்வளவுதான் என் வேண்டுதல்.

அமெரிக்க ரீச்சர் அன்றைக்குப் பந்து எறியவில்லை. வருடம் முழுக்க அவரையே எறிய வைத்து எறிய வைத்து, தோள் வீங்கி, கையைத் தூக்க முடியாமல் போயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பு மட்டும் பிடிப்பார் என்றார்கள். முதலாளி அதைக் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார். எங்கள் பக்கத்தில் கிழவர் தொடங்கினார், களைத்தார். பெடியன் எறிந்தான், கிழவர் அவனுடைய இடத்தில் போய் நின்றார். ஒருவரும் வெளியே போகவில்லை, போனால் உள்ளே வர வேறு ஆளும் இல்லை. இவருடைய பிழைக்கணக்கு, ஒன்பது பேர் மட்டும் இருந்த காரணத்தால், தானாகவே சரிக்கணக்காகிக்கொண்டிருந்தது. கடைசி இன்னிங்ஸில் அவர்களைவிட எங்களுக்கு ஒரு ஓட்டம் அதிகம். பெடியனுக்குக் கை தடுமாறத் தொடங்கியதும், கோச் கிழவரைத் திரும்பக் கூப்பிட்டார். இவர் நினைத்தது அப்படியே நடந்தது.

இரண்டு பேர் ஆட்டமிழந்துவிட்டார்கள், இன்னும் ஒருவர்தான். எதிர்ப்பக்கத்தில் ஒருவன் ஓடக் காத்து நிற்கிறான். துடுப்போடு வந்தவர் அமெரிக்க ரீச்சர். கிழவர் எறிந்தார். அடித்த சத்தம் கேட்டது. பந்து மேலே, மேலே, வெள்ளைப் புள்ளியாகப் போய், வலது பக்கம் திரும்பியது. அங்கே நின்றது என்னுடைய மனுசன். கீழே விழுந்தால் இரண்டு ஓட்டம், கழகம் போச்சு, கடிதம் போச்சு, நாங்கள் போச்சு. ஐயோ என்று நான் வாய்விட்டுக் கத்தியதை நானே கேட்டேன். இவர் இரண்டு அடி பின்னால் வைத்தார், ஒரு அடி முன்னால் வைத்தார், கண்ணாடியை ஒரு விரலால் தள்ளிவிட்டார். பிறகு இரண்டு வெறுங்கையையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்த்தார். பந்து வந்து விழுந்தது. அப்படியே மல்லாக்காகச் சேற்றில் விழுந்தார். கண்ணாடி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். ஆனால் கை இரண்டும் மேலே இருந்தன, பந்து உள்ளே இருந்தது.

எல்லோரும் ஓடினார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். இடது கையின் மோதிர விரல் பின்பக்கமாக மடிந்துபோய் நின்றது. இவர் அழவில்லை. அமெரிக்க ரீச்சர் தோளைப் பிடித்தபடி வந்து வலது கையைக் குலுக்கிவிட்டுப் போனபோது மட்டும், "பாவம் அந்த மனுசன், கையைப் பழுதாக்கிப்போட்டாங்கள்" என்று என்னிடம் சொன்னார். முதலாளி கிட்ட வந்து விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அது எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை கட்டுப்போட்ட கையோடு இவர் வேலைக்குப் போனார். மத்தியானம் யன்னலால் பார்த்தால், நேரமில்லாத நேரத்தில் தெருவில் நடந்து வருகிறார், கையில் ஒரு பை. மேசையில் இருந்த சாமானை எல்லாம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னப்பா? நிப்பாட்டிப்போட்டாரே?"

"இல்லை. வீட்டை போய் ரெண்டு நாள் இரு எண்டார். பிறகு..." இவர் எச்சிலை விழுங்கினார். "அடுத்த வருசக் காசையும் நீயே பிரி எண்டார். அடுத்த வருசம் உனக்கும் கொஞ்சம் போடு எண்டு பகிடி விட்டார்."

"அடுத்த வருசமே? அப்பிடியே சொன்னவர்?"

"ஓம். அடுத்த வருசம் எண்டுதான் சொன்னவர்."

நாங்கள் இருவரும் அந்தச் சின்ன நடையில் நின்று, அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதோம். கடிதம் அந்தக் கிழமையே வந்தது, அதைப் பார்த்து இவ்வளவு அழவில்லை. பைக்குள் இருந்தது இந்தக் கையுறை. இதை நீயே வைத்திரு, இந்த வருடத்துச் சம்பளம் என்று முதலாளி கொடுத்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமை இவர் போய், நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத ஒரு அலுமாரி வாங்கிக்கொண்டு வந்தார். அது இப்போதும் எங்கள் அறையில்தான் நிற்கிறது, யூனிற்றுக்குள் எப்படிக் கொண்டுபோவது என்று தெரியவில்லை. வெறுங்கையால் பந்து பிடித்த சிலோன்காரன் கதையை அந்தக் கழகத்தில் பலகாலம் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், கிரிக்கெற் ஆடிய கையல்லவா என்று.

விலைச்சீட்டை விரலில் சுற்றியபடி இவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏனப்பா, அண்டைக்கு இதை ஏன் நீங்கள் போடேல்லை?"

"காசு முடிஞ்சுபோச்சு. இதை வித்த கடைக்காரன், பாவிக்காமல் கொண்டுவந்தால் திருப்பி எடுப்பன் எண்டவன். சேறு பட்டால் எடுப்பானே? முதலாளி என்னைத்தானே கேப்பார்."

அதுதான் சுவெற்றருக்குள் வைத்திருந்தார். அதுதான் முகங்குப்புற விழாமல் மல்லாக்காக விழுந்தார். "அப்ப கிரிக்கெற் பழக்கத்திலை பிடிக்கேல்லையே?" என்றேன்.

"கிரிக்கெற்றிலை நான் ஒரு கட்ச்சும் பிடிச்சதில்லையப்பா."

மகள் உள்ளே எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து இவருடைய இடது கையை எடுத்து அவருடைய மடியிலேயே வைத்து, இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தக் கையுறையை மெல்ல மாட்டப் பார்த்தேன். மற்ற விரல்கள் போய்விட்டன. வளைந்துபோன மோதிர விரல் மட்டும் உள்ளே போகமாட்டேன் என்று நின்றது. கொஞ்சம் அழுத்தித் தள்ளினேன். இவர் பதறிப்போய்க் கையை இழுத்து, கையுறையின் தையலைத் தடவிப் பார்த்தார்.

"கவனமப்பா," என்றார், "பழுதாக்கிப்போடாதையும்."